கஞ்சியும் காணியும்

(செங்கல்பட்டில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஏழை பட்டினி கிடந்தால் அரசாங்கத்துக்குக் கவலை வருவதில்லை. ஏழை கூட்டம் கூடினால்தான் கவலை வருகிறது. கவலை வந்த பிறகு அரசாங்கம் மருந்து தேடுகிறது. என்ன மருந்து தேடியது? யாரைக் கேட்டுத் தேடியது? அந்த மருந்தில் எது பலித்தது, எது பலிக்கவில்லை? இதுதான் இன்றைய பேச்சு. இரண்டு நாடுகளை எடுத்துக்கொண்டு பேசப் போகிறேன். ஒன்று அயர்லாந்து. இன்னொன்று நாம் உட்கார்ந்திருக்கும் இந்தச் செங்கல்பட்டுச் சீமை.

அயர்லாந்துக்கும் செங்கல்பட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இந்த ஊரில் செயின்ட் கொலம்பாஸ் பள்ளி இருக்கிறது. இங்கே இருப்பவர்களில் பலர் அங்கே படித்தவர்களாகத்தான் இருப்பீர்கள். அந்தக் கொலம்பா அயர்லாந்தில் பிறந்து ஸ்காட்லாந்துக்குப் போன துறவி. ஸ்காட்லாந்து பாதிரிமார்கள் அந்தப் பெயரை இங்கே கொண்டுவந்தார்கள். பெயர் மட்டுமா வந்தது? ஆட்சி செய்த ஆட்கள் வந்தார்கள், அவர்கள் கையாண்ட வழிகளும் வந்தன. அங்கே தோற்ற வழி இங்கே வந்தது. அங்கே ஜெயித்த வழி மட்டும் பாதியில் நின்றுவிட்டது. எப்படி நின்றது என்று பார்ப்போம்.

முதலில் அயர்லாந்துக்குப் போவோம். நிலமெல்லாம் பெரிய பிரபுக்களுக்குச் சொந்தம். அவர்களில் பலர் இங்கிலாந்தில் உட்கார்ந்து குத்தகைப் பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டவர்கள். உழுதவன் குத்தகைக்காரன். அவன் கோதுமையும் ஓட்ஸும் விளைவித்தான். அது குத்தகைக்குப் போனது. தன் குடிசைக்குப் பின்னால் உருளைக்கிழங்கு போட்டான், அது வயிற்றுக்கு. 1845-இல் அந்தக் கிழங்கில் நோய் விழுந்தது. தோண்டினால் கிழங்கு கையில் அழுகிக் குழைந்தது. அடுத்த ஆண்டும் அப்படியே. சில ஆண்டுகளில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் செத்தார்கள். இன்னொரு 10 லட்சம் பேர் ஊரைவிட்டுக் கப்பலேறினார்கள். ஜனங்கள் சாகும்போதே துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது.

அரசாங்கம் என்ன செய்தது? மக்களுக்கு வேலை கொடுத்தது. என்ன வேலை? சாலை போடும் வேலை. எங்கே போகிற சாலை? எங்கேயும் போகாத சாலை! மலைச்சரிவில் ஏறி அப்படியே நின்றுபோன சாலைகளை இன்றும் அங்கே காட்டுகிறார்கள். பசித்தவனுக்குச் சும்மா கொடுத்தால் சோம்பேறியாகிவிடுவான், கல்லுடைத்தால்தான் கூலி என்பது அதற்குச் சொன்ன காரணம். அதுவும் தாங்காமல் 1847 கோடையில் கஞ்சித்தொட்டி திறந்தார்கள். ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 30 லட்சம் பேர் அந்தக் கஞ்சியைக் குடித்தார்கள். அது பலரைக் காப்பாற்றியது, மறுக்கவில்லை. ஆனால் அதே 1847-இல் ஒரு சட்டத்தில் ஒரு சிறு பிரிவைச் சேர்த்தார்கள். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு நிவாரணம் கிடையாது. கவனியுங்கள்! கஞ்சி வேண்டுமா, காணியை விடு! இரண்டு மாதப் பசிக்கு இரண்டு தலைமுறை நிலத்தை விலையாகக் கேட்டார்கள். பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்து எத்தனையோ பேர் நிலத்தை விட்டார்கள். விட்டவன் திரும்பி வந்தபோது குடிசைக்குக் கூரை இல்லை.

இந்த நிவாரணம் முழுவதற்கும் லண்டனில் கஜானாவைக் கையில் வைத்திருந்த அதிகாரி யார்? சார்லஸ் டிரெவெலியன். பஞ்சம் கடவுள் விட்ட வழி, அதில் அளவுக்கு மீறித் தலையிடக் கூடாது என்ற எண்ணத்தில் உறுதியாக இருந்தவர். அந்த டிரெவெலியன் பிறகு எங்கே வந்தார் தெரியுமா? 1859-இல் சென்னை ராஜதானிக்குக் கவர்னராக வந்தார்! நம் தாத்தாவுக்குத் தாத்தாமார்களின் கவர்னர். ஓராண்டுக்குச் சற்று மேல்தான் இருந்தார். புதிய வருமான வரியை வெளிப்படையாக எதிர்த்ததால் திருப்பி அழைக்கப்பட்டார். ஆனால் அவர் நம்பிய கொள்கை அவரோடு கப்பலேறிப் போய்விடவில்லை.

1876-இல் நமக்கும் பஞ்சம் வந்தது. தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார்கள் சொல்வார்களே, அதுதான். இரண்டு ஆண்டுகள் மழை பொய்த்தது. ஏரி வறண்டது. அப்போதும் என்ன செய்தார்கள்? வேலை கொடுத்தார்கள். கூலி எவ்வளவு? ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி வந்து கணக்குப் போட்டார். மண் சுமக்கும் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம். கூட ஒரு அணா. ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. நாள் முழுக்க மண்வெட்டி பிடிப்பவனுக்கு இது போதாது என்று சென்னை ராஜதானியின் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் என்ற டாக்டரே வாதாடினார். மாமல்லபுரம் போகும்போது ஊருக்கு மேற்கே பக்கிங்காம் கால்வாயைக் கடந்துதானே போகிறீர்கள்? அந்தக் கால்வாயில், சென்னைக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற துண்டு அந்தப் பஞ்சக் கூலியில் வெட்டப்பட்டது. அப்போதைய கவர்னர் பக்கிங்காம் கோமகன் பெயரைக் கால்வாய்க்கு வைத்தார்கள். வெட்டியவர்களின் பெயர் எங்கேயும் இல்லை.

கஞ்சி கேவலம் என்று நான் சொல்லவில்லை. பசித்தவனுக்குக் கஞ்சிதான் முதல் தர்மம். ஆனால் கேளுங்கள்: கஞ்சி ஊற்றி முடித்த மறுநாள் அந்த மனிதன் எங்கே நிற்கிறான்? பஞ்சத்துக்கு முன்னால் நின்ற அதே இடத்தில்தானே? அல்லது அதைவிடக் கீழே? நிற்க ஓர் இடம் கொடுக்காத தர்மம், மறுபடி கையேந்த வைக்கிற தர்மம்.

சரி, இரண்டாவது மருந்துக்கு வருவோம். அந்த மருந்துக்குப் பெயர் கப்பல். ஜனத்தொகை அதிகம், ஆகவே ஆளை வெளியே அனுப்பு! அயர்லாந்தில் பிரபுக்களே டிக்கெட் எடுத்துக் கொடுத்து அனுப்பினார்கள். குத்தகைக்காரனைப் பராமரிப்பதைவிடக் கப்பல் சத்தம் மலிவு. நம் சீமையிலிருந்தும் போனார்கள். 1834 முதல் மொரிஷியஸ் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். 1860-இல் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து நேட்டாலுக்குப் புறப்பட்டது. இலங்கைத் தேயிலைக்கும், பர்மாவுக்கும், மலேயா ரப்பருக்கும் போனவர்கள் கதை உங்களுக்குத் தெரியும். போனவர்களில் சிலர் பிழைத்தார்கள், பணம் அனுப்பினார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அது அவர்களுடைய உழைப்பின் பெருமை. ஆனால் அனுப்பிய ஊர் மாறியதா? ஆள் போனான், அவனை ஓட வைத்த நிலம் அப்படியே கிடந்தது. அதே கை, அதே பட்டா, அதே படி.

இப்போது மூன்றாவது மருந்து. காணி! நிலம்! இதைத் தொட்டதும்தான் ஆட்டம் சூடு பிடிக்கிறது.

1879 அக்டோபரில் டப்ளினில் நிலச் சங்கம் ஒன்று தொடங்கினார்கள். அதன் உயிர் மைக்கேல் டேவிட். பஞ்சத்துக்குப் பிறகு குடும்பத்தோடு நிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்ட குழந்தை. பிழைக்கப் போன இங்கிலாந்தில் சிறுவனாக மில் வேலைக்குப் போய் மெஷினில் ஒரு கையை இழந்தவர். அதன் தலைவர் பார்னெல், அவரே ஒரு நிலப்பிரபு. இவர்கள் சொன்னது ரொம்பச் சுலபம். கல்லெடுக்காதே, கத்தியெடுக்காதே, வெளியேற்றுகிறவனோடு ஒட்டும் வேண்டாம், உறவும் வேண்டாம்.

1880-இல் மேயோ என்ற மாவட்டத்தில் ஒரு பிரபுவின் ஏஜெண்டுக்கு இதைச் செய்து காட்டினார்கள். அவர் பெயர் கேப்டன் பாய்காட். அறுவடைக்கு ஆள் வரவில்லை. கடைக்காரன் சாமான் கொடுக்கவில்லை. தபால்காரப் பையன்கூட வரவில்லை. கடைசியில் வடக்கே இருந்து 50 பேரை வரவழைத்து, அவர்களைக் காக்க ஏறத்தாழ ஆயிரம் சிப்பாய்களை நிறுத்தி, கிழங்குகளைத் தோண்டினார்கள். விளைந்த கிழங்கின் விலையைவிடக் காவலுக்கு ஆன செலவு பல மடங்கு. அந்த மனிதர் ஊரைவிட்டே போனார். அவர் பெயர் மட்டும் உலகத்து மொழிகளிலெல்லாம் தங்கிவிட்டது.

அரசாங்கம் முதலில் அடக்குமுறைச் சட்டம் போட்டது. தலைவர்களைச் சிறையில் தள்ளியது. ஆனால் அதோடு நிற்க முடியவில்லை. 1881-இல் நியாயமான குத்தகை, நிலையான அனுபோகம், தன் உரிமையை விற்கும் சுதந்திரம் ஆகிய மூன்றும் சட்டமாயின. 1885-இல் குத்தகைக்காரன் நிலத்தை வாங்க அரசாங்கமே கடன் கொடுத்தது. 1903-இல் விண்ட்ஹாம் சட்டம் வந்தது. நிலத்தின் முழு விலையையும் அரசாங்கம் கடனாகக் கொடுக்கும். குத்தகைக்காரன் அறுபத்தெட்டரை ஆண்டுகளில் தவணையாகக் கட்டலாம். விற்கச் சம்மதித்த பிரபுவுக்கு விலைக்கு மேல் 12 சதவீதம் ஊக்கத்தொகை. விளைவு என்ன? 1870-இல் அயர்லாந்து விவசாயிகளில் சொந்த நிலம் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு 3 பேர். 1929-இல் நூற்றுக்கு 97 பேர். அப்படியே தலைகீழ்!

ஆனால் ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. நிலம் கிடைத்தது குத்தகைக்காரனுக்கு. அவனுக்கும் கீழே கூலிக்காரன் ஒருவன் இருந்தானே, அவனுக்கு? அவனுக்காக 1883-இல் தனிச் சட்டம் போட்டு, உள்ளாட்சி அமைப்புகளே வீடு கட்டிக்கொடுத்தன. வீட்டைச் சுற்றி முதலில் அரை ஏக்கர், பிறகு ஒரு ஏக்கர் மண். முதல் உலகப் போருக்கு முன்பே 40,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழும்பின. கூலிக்காரனுக்கு முழு நியாயம் கிடைத்ததா என்றால் இல்லை. ஆனால் எவனும் விரட்ட முடியாத ஒரு கூரையும், அதைச் சுற்றிக் கொஞ்சம் மண்ணும் கிடைத்தன.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் ஊருக்குத் திரும்பி வாருங்கள்.

செங்கல்பட்டு என்றால் ஏரிச் சீமை. 1763-இல் ஆற்காட்டு நவாபு இதைக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கும்பினிக் கலெக்டர்கள் நல்லதும் செய்தார்கள். மதுராந்தகம் ஏரிக்கரையைக் காத்த ராமர் கதையில் வருகிறாரே கலெக்டர் பிளேஸ் துரை, அவர் இங்கே 1790-களில் ஏரிகளைச் செப்பனிட்டார். எல்லீஸ் துரை இங்கிருந்த மிராசு உரிமையை, அதாவது ஊர் நிலத்தின் மேல் சிலருக்கு இருந்த பரம்பரை உரிமையை, விளக்கி எழுதியது 1818-இல் அச்சானது. ஏரியைக் கணக்கெடுத்தார்கள், மதகைக் கணக்கெடுத்தார்கள், மிராசுதாரரின் பங்கைக் கணக்கெடுத்தார்கள். ஏரித் தண்ணீரை வயலுக்குத் திருப்பி, சேற்றில் இறங்கி, நாற்று நட்டு, கதிரறுத்த கைகளுக்கு என்ன பங்கு என்று யார் கணக்கெடுத்தார்கள்?

அந்தக் கைகள் யாருடையவை? பெரும்பாலும் ஆதிதிராவிடர்களுடையவை. அன்று இந்த மாவட்டத்து ஜனங்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர். அவர்களில் பலரும் படியாட்கள். படியாள் எப்படி உருவாகிறான் என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். வீட்டில் கல்யாணம். கையில் காசில்லை. மிராசுதாரரிடம் சில ரூபாய் கடன். ஒரு சீட்டு எழுதி அதில் கைநாட்டு. வட்டிக்குப் பதில் உழைப்பு. அசல் தீரும்வரை வேறு யார் நிலத்திலும் இறங்கக் கூடாது. கூலி படியில் அளக்கும் தானியம். படி நெல்லில் வயிறே நிறையாதபோது அசல் எங்கே தீரும்? அப்பன் செத்தால் சீட்டு மகன் தலையில். 1843-லேயே அடிமைமுறையைச் சட்டம் கைவிட்டது. சீட்டு கைவிடவில்லை!

அது போகட்டும், குடியிருக்கும் குடிசையாவது சொந்தமா? அதுவும் இல்லை. குடிசை நின்ற மனையும் மிராசுதாரர் மனை. கூலி கூடக் கேட்டால், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால், பாதிரியாரோடு பேசினால், 'மனையைக் காலி செய்' என்று ஒரே ஒரு வார்த்தை போதும்.

அப்படியானால் ஊரில் தரிசு கிடக்கிறதே, அதைக் கேட்டு வாங்கலாமே? கேட்டார்கள். சர்க்காருக்குத் தர்க்காஸ்து மனு போட்டார்கள். ஆனால் விதி என்ன? தரிசுக்கு முதல் உரிமை ஊர் மிராசுதாரருக்கு. நூறு வருஷம் சும்மா கிடந்த முள்ளுக்காட்டைச் சேரியில் ஒருவர் கேட்டுவிட்டால் போதும். மறுநாளே அது மிராசுதாரருக்கு வேண்டியதாகிவிடும்!

அப்போதுதான் இரண்டு பக்கத்திலிருந்து குரல்கள் எழுந்தன. ஒரு பக்கம் பாதிரிமார்கள். திருவள்ளூர் பக்கம் வில்லியம் கவுடி. செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து மிஷனின் ஆடம் ஆண்ட்ரு. ஆண்ட்ரு நிலம் வாங்கிக் குடியிருப்பே அமைத்தார். மறைமலைநகர் பக்கம் மெல்ரோசாபுரம் என்று ஓர் ஊர் இருக்கிறதே, அது அப்படி உண்டானதுதான். இன்னொரு பக்கம், இதை நாம் மறக்கவே கூடாது, அந்த மக்களுடைய சொந்தக் குரல். 1891 டிசம்பர் 1-ஆம் தேதி நீலகிரியில் அயோத்திதாசப் பண்டிதர் மாநாடு கூட்டி, கோரிக்கைத் தீர்மானங்கள் போட்டார். இதே செங்கல்பட்டுச் சீமையில் கோழியாளத்தில் பிறந்த ரெட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். எந்தப் பெயரைச் சொல்லி இழிவு செய்தார்களோ, அந்தப் பெயரைத் தலைப்பில் அச்சடித்துக் கடைவீதியில் விற்றார்! பிறகு லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்த மனிதர் அவர்.

இந்தக் குரல்கள் எழுந்த நேரத்தில் செங்கல்பட்டுக்குக் கலெக்டர் பொறுப்பில் இருந்தவர் ஜேம்ஸ் திரமென்ஹீர். 1891 அக்டோபரில் அவர் ஓர் அறிக்கை எழுதினார். படியாள் சீட்டைப் பற்றி எழுதினார். மனையைப் பற்றி எழுதினார். தர்க்காஸ்து சூழ்ச்சியைப் பற்றி எழுதினார். குடியிருக்கும் மனையை அவர்களுக்கே உரிமையாக்குங்கள், தரிசு நிலத்தை அவர்களுக்குக் கொடுங்கள், பள்ளிக்கூடம் கொடுங்கள் என்று கேட்டார். அதே 1891-இல்தான் அயர்லாந்தின் மேற்குக் கரையோர ஏழைகளுக்காக ஒரு வாரியம் அமைத்தார்கள். கையில் பணமும் அதிகாரமும் உள்ள வாரியம். நிலம் வாங்கிப் பங்கிட்டுக் கொடுத்தது, படகுத்துறை கட்டியது, மீன்பிடிக்கக் கற்றுக்கொடுத்தது. ஒரே ஆண்டு, ஒரே மகாராணி, ஒரே சாம்ராஜ்யம். அங்கே வாரியம். இங்கே அறிக்கை!

அறிக்கைக்கு மேலதிகாரிகள் என்ன பதில் சொன்னார்கள்? இவர்களிடம் மாடில்லை, ஏரில்லை, முதல் இல்லை; நிலத்தைக் கொடுத்து என்ன பயன்? விவசாயம் செய்வார்களா? அப்படிக் கொடுத்தால் மிராசுதாரர் நிலத்துக்கு ஆள் கிடைக்குமா? அன்பர்களே, இந்தக் கடைசிக் கேள்விதான் உண்மையான கேள்வி. முதல் கேள்விகளெல்லாம் அதற்குப் போட்ட முகமூடி. செங்கல்பட்டின் ஒவ்வொரு வயலையும் யார் உழுதார்களோ, அவர்களைப் பார்த்தா விவசாயம் தெரியுமா என்று கேட்பது? முதல் இல்லையென்றால் கடன் கொடு! அயர்லாந்தில் அதைத்தானே செய்தாய்?

1892 செப்டம்பர் 30-ஆம் தேதி அரசாணை 1010 வந்தது. ஆதிதிராவிடர்களுக்கு ஒப்படைத்த நிலத்தை இன்று பஞ்சமி நிலம் என்று பேசுகிறோமே, அதற்கெல்லாம் வேர் அந்த ஆணை. ஆனால் திரமென்ஹீர் கேட்டதில் பாதிகூட அதில் இல்லை. மிராசு உரிமையின் மேல் கை வைக்கவில்லை. நில ஒப்படைப்பு உண்மையில் வேகம் பிடித்தது 1918-க்குப் பிறகு, தொழிலாளர் கமிஷனர் என்ற பதவி ஏற்பட்டு, ஆதிதிராவிடர் நலன் அவர் பொறுப்பில் வந்த காலத்தில். அப்போது நிலத்தோடு நிபந்தனையும் கொடுத்தார்கள். 10 ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே கைமாற்றலாம். மீறினால் சர்க்கார் திருப்பி எடுத்துக்கொள்ளும். 'டி.சி. நிலம்' என்றும் 'கண்டிஷன் பட்டா' என்றும் கிராமத்தில் சொல்கிறோமே, இதுதான்.

நல்ல நிபந்தனை. ஆனால் நிபந்தனையை யார் காப்பது? கல்யாணத்துக்கு, வைத்தியத்துக்கு, மாடு செத்ததற்கு என்று கடன் வாங்கியபோது, பட்டா பெட்டிக்குள் இருந்தது. நிலம் கடன் கொடுத்தவன் கைக்குப் போனது. பட்டா ஒருவர் பேரில், அனுபோகம் இன்னொருவர் கையில்! எந்தத் திட்டத்தைக் கேட்டாலும் இந்த இரண்டு கேள்வியைக் கேளுங்கள். பட்டா யார் பேரில்? அனுபோகம் யார் கையில்? இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் அது சீர்திருத்தம். வேறு வேறு ஆளாக இருந்தால் அது காகிதம்.

இந்தக் கேள்வியோடு வேறு சிலவற்றையும் உரசிப் பார்ப்போம். குடியிருக்கும் மனையைச் சொந்தமாக்குங்கள் என்று திரமென்ஹீர் கேட்டது 1891-இல். தமிழ்நாட்டுக் குடியிருப்புச் சட்டம், அதாவது நில உடைமையாளர் மனையில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையையே உரிமையாக்கிய சட்டம், வந்தது 1971-இல். எண்பது ஆண்டுகள்! ஆனால் வந்தபோது அது பலித்தது. ஏன்? குடிசை ஏற்கெனவே அவன் கையில் இருந்தது. பட்டா வந்து அதோடு சேர்ந்தது. அனுபோகத்தோடு பெயர் சேர்ந்தால் யாராலும் பிரிக்க முடியாது.

கடன் விஷயத்தைப் பாருங்கள். அயர்லாந்தில் ஹோரஸ் பிளங்கெட் என்பவர் 1889-இல் பால்பண்ணைக் கூட்டுறவைத் தொடங்கி ஊர் ஊராகப் பரப்பினார். இந்தியாவில் 1904-இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. வந்த ஆண்டே பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் திரூரில், விவசாயக் கடன் சங்கம் பதிவானது. நாட்டின் முன்னோடிச் சங்கங்களில் ஒன்று. நம் சீமைக்குப் பெருமைதான். ஆனால் அடமானம் வைக்க நிலம் உள்ளவனுக்கு அந்தக் கதவு திறந்தது, படியாளுக்கு? அவனுக்குக் கடன் கொடுக்க மிராசுதாரர் திண்ணையைத் தவிர வேறு கதவு இருந்ததா? நிலம் வேறு, கடன் வேறு என்று பிரித்துக் கொடுத்ததில்தான் இரண்டுமே வீணாயின.

பிரிக்காமல் கொடுத்தால் என்ன நடக்கும்? அதற்கும் இதே கடற்கரையில் சாட்சி இருக்கிறது. மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1972 வனவிலங்குச் சட்டம் வந்தபின் பாம்புத்தோல் வியாபாரம் நின்றது. இருளர் பிழைப்பு போனது. 1978-இல் இந்தச் சங்கம் அமைந்தது. போய்ப் பாருங்கள். வாய் கட்டிய மண்பானைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் நல்ல பாம்போ கண்ணாடி விரியனோ. கொக்கியால் மெல்லத் தூக்கி, தலையைப் பிடித்து, மெல்லிய தோல் கட்டிய கண்ணாடிக் குவளையின் விளிம்பில் பல்லை அழுத்துவார்கள். சொட்டுச் சொட்டாக விஷம் இறங்கும். சில வாரங்கள் இப்படி எடுத்தபின் அடிவயிற்றுச் செதிலில் அடையாளம் போட்டுப் பாம்பைக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அந்த விஷத்திலிருந்து பாம்புக்கடி மருந்து ஆகிறது. உரிமம் அவர்கள் சங்கத்தின் பேரில். வித்தை அவர்கள் கையில். விற்கும் இடமும் அவர்களுடையது. இருளர் வறுமை எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் கொத்தடிமையாகக் கிடந்து மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள் இந்த வட்டாரத்தில்தான் உண்டு. ஆனால் பேரும் கையும் ஒன்றாக இருந்த இடத்தில் ஒரு சமூகம் நிமிர்ந்து நின்றதை இங்கே பார்க்கலாம்.

பிரித்தால் என்ன நடக்கும்? அதற்கும் சாட்சி இதே மாவட்டம். காரணை கிராமத்துப் பஞ்சமி நிலம் பறிபோனது. அதை மீட்கக் கேட்டு மக்கள் திரண்டார்கள். அந்த மண்ணில் அம்பேத்கர் சிலை வைத்தார்கள், அது அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10-ஆம் தேதி இந்தச் செங்கல்பட்டில், நீதி கேட்டுக் கூடியவர்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிர் கொடுத்தார்கள். அவர்கள் புதிதாக என்ன கேட்டார்கள்? சர்க்கார் தானே எழுதி, சர்க்கார் தானே முத்திரை குத்திக் கொடுத்த நிலத்தைத்தானே கேட்டார்கள்? அமைதியைக் குலைத்தது யார்? கேட்டவர்களா, கொடுத்ததைக் காக்காதவர்களா?

அன்பர்களே! அயர்லாந்தில் மருந்து ஏன் பலித்தது? மூன்றே காரணம். சங்கம் இருந்தது. சட்டத்தோடு பணமும் வந்தது. நிலமும் பெயரும் ஒரே கைக்கு வந்தன. இங்கே கொடுக்கும் மனம் படைத்த ஒரு கலெக்டர் இருந்தார், ஆணை இருந்தது, நிபந்தனைகூட இருந்தது. பணம் இல்லை, காவல் இல்லை. சங்கம் கட்டியவர்களையோ கலகக்காரர்கள் என்றார்கள்.

இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு சென்ட் என்ன விலை என்று எல்லோருக்கும் தெரியும். முந்திரியும் சவுக்கும் நின்ற மணல்மேடுகளில் மதில் எழும்புகிறது. விலை ஏறும்போது ஏழை நிலத்தின் மேல் பெரியவர்கள் கண் விழுவது இயற்கை. அதனால்தான் இப்போது செய்ய வேண்டிய வேலையைச் சொல்லி முடிக்கிறேன்.

இளைஞர்களே, உங்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடு இருக்கிறது. ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் எதிரே, யார் பேரில், எந்த வகை நிலம் என்று எழுதியிருக்கும். அதோடு நின்றுவிடாதீர்கள். 1980-களில் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் என்று எல்லாக் கணக்கையும் புதிதாக எழுதினார்களே, அதற்கு முந்தைய பழைய பதிவேட்டையும் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுக் கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எண்ணாக ஒப்பிடுங்கள். பழையதில் ஒடுக்கப்பட்ட வகுப்பார் நிலம் என்ற குறிப்பு இருந்து, புதியதில் இல்லையென்றால், அந்த எண்ணைத் தனியாக எழுதுங்கள். பிறகு நிலத்துக்கே நடந்து போய், இன்று அங்கே யார் பயிர் செய்கிறார், யார் மதில் கட்டியிருக்கிறார் என்று எழுதுங்கள். ஒரு கிராமத்துக்கு நாலு பேர் போதும். தனியாகப் போகாதீர்கள், சங்கமாகப் போங்கள். அந்தப் பட்டியலோடு தாசில்தாரிடம் போங்கள், கோட்டாட்சியரிடம் போங்கள், தேவைப்பட்டால் நீதிமன்றம் போங்கள்.

பட்டா யார் பேரில்? அனுபோகம் யார் கையில்? இந்த இரண்டு கேள்விக்கும் ஒவ்வொரு கிராமத்திலும் விடை எழுதிவிட்டால், ஏழைகளின் அமைதியின்மைக்கு மருந்து தேட எந்தச் சர்க்காரும் கமிஷன் போட வேண்டியதில்லை. மருந்துச் சீட்டு 1891-லேயே எழுதியாகிவிட்டது. அதை வாங்கிக் கொடுப்பது நம் பொறுப்பு.